முதலில் செத்தவன் மைக்கை ஆஃப் பண்ணு

நேற்று ராத்திரி ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு மேட்ச். ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 ரவுண்டு எடுக்கும் டீம் ஜெயிக்கும். 11-11ல் நிற்கிறோம். எங்கள் பக்கம் நான்கு பேர் காலி. மிச்சம் இருப்பது ஸ்கோர் பட்டியலில் கடைசியாக இருக்கும் பையன். எதிரணியிலும் ஒரே ஆள்தான். எதிரணி குண்டு வைத்தாகிவிட்டது, அதை டிஃப்யூஸ் பண்ண, அதாவது வெடிக்காமல் தடுக்க, 7 வினாடி வேண்டும்.

செத்த நான்கு பேருக்கும் அவன் திரைதான் தெரியும். உடனே ஒருவன் மைக்கில் ஆரம்பித்தான். "ஏய் பாட் (கம்ப்யூட்டர் ஆட்டுகிற பொம்மை), லெஃப்ட்ல பாரு. பாருடா! கண்ணு தெரியாதா? உன்னையெல்லாம் எவன்டா கேம் ஆடச் சொன்னான்?" இன்னொருவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பையன் குண்டில் கை வைக்கிறான், எடுக்கிறான், திரும்புகிறான், மறுபடி வைக்கிறான். இவன் கத்தி மூச்சு வாங்கிய ஒரு நொடியில் எனக்கே காலடிச் சத்தம் கேட்டது. எதிராளி ஓடி வருகிறான். அந்தப் பையனுக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? காது முழுக்க இவன் குரல்தானே. பின்னாலிருந்து சுட்டுவிட்டுப் போய்விட்டான்.

"சாரி ப்ரோ" என்று டைப் பண்ணினான் பையன். அந்த மேட்சில் அது ஆறாவது சாரி. பதிலுக்கு வந்தது "அன்இன்ஸ்டால் பண்ணு". அதற்கப்புறம் அம்மாவை இழுத்து வந்ததை இங்கே எழுத முடியாது. அடுத்த ரவுண்டில் பையன் ஆரம்பித்த இடத்திலேயே அசையாமல் நின்றான். 11-13. கத்தியவன் அந்தக் குண்டு ரவுண்டில் முதல் ஆளாகச் செத்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகை ஆட்டமே காதால் ஆடுவது. ஓடினால் சத்தம் வரும், நடந்தால் வராது, அதை வைத்துத்தான் யார் எங்கே என்று கணக்குப் போடுகிறோம். டீமில் ஒருவன் காதை அடைத்துவிட்டு, அவனால் தோற்றோம் என்று அவனையே ரிப்போர்ட் பண்ணுகிற அநியாயத்தை என்னவென்று சொல்வது!

"நூப் (ஆடத் தெரியாதவன்) எல்லாம் ஏன் என் டீமில் வருகிறான்" என்று கேட்கிறார்கள். அவனை உன் தலையில் யாரும் கட்டவில்லையப்பா. செஸ் ஆட்டக்காரர்களின் பலத்தை அளக்க அர்பாட் ஈலோ கண்டுபிடித்த கணக்கை, உலக செஸ் கூட்டமைப்பு 1970ல் எடுத்துக்கொண்டது. ஆன்லைன் ஆட்டங்களின் மேட்ச்மேக்கிங், அதாவது யாரை யாரோடு சேர்ப்பது என்ற கணக்கு, பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், கிட்டத்தட்ட சம பலமுள்ளவர்களைச் சேர்த்துவிடும். ரேங்க் மேட்சில் அவன் உன் பக்கத்தில் நிற்கிறான் என்றால் நீயும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறாய். ரேங்கே இல்லாத சாதாரண மோடில் வந்து கத்துகிறவனை என்ன சொல்ல? கற்றுக்கொள்பவன் வேறு எங்கே போவான்?

இதைவிடக் கேவலம் ஸ்மர்ஃப் கூட்டம். உயர்ந்த ரேங்க்கில் இருப்பவன் புது அக்கவுண்ட் திறந்து கீழே வருவான், மவுஸ் பிடிக்கப் பழகுகிறவர்களை வரிசையாகச் சுடுவான், கூடவே "ஈஸி" என்று சாட்டில் போடுவான். டோட்டா 2 என்ற கேமில் 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட 90,000 அக்கவுண்டுகளை நிரந்தரமாகத் தடை செய்தார்கள். ஒரே ஒரு கேமில் அத்தனை!

சரி, மியூட் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மியூட் பண்ணினால் "இரண்டு பேர் அந்தப் பக்கம்" என்ற தகவலும் போய்விடும். திட்டுகிறவன் ஜாலியாகத் திட்டுவான், திட்டு வாங்குகிறவன் செவிடாக ஆட வேண்டுமா? 2021 அக்டோபரில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேம் எதிரணியோடு பேசும் சாட்டை எடுத்துவிட்டது. டீம் சாட்டை எடுக்கவில்லை, அது இல்லாமல் சேர்ந்து ஆட முடியாது. ஆனால் மேலே நான் சொன்ன பையனைத் திட்டியதில் எதிரணிக்காரன் ஒருவன்கூட இல்லை. எல்லாம் சொந்த டீம்.

நானும் அந்த 7 வினாடி வாயைத் திறக்கவில்லை. "விடுங்க, அவன் ஆடட்டும்" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. மேட்ச் முடிந்ததும் அவனுக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினேன், பயிற்சி மேப்பில் சேர்ந்து ஆடலாம் என்று. பதில் இல்லை. திட்டப்போகும் அடுத்த ஆள் என்று நினைத்திருப்பான்.

நாளைக்கும் இதே லாபிக்குத்தான் வருவேன். முதல் ஆளாகச் செத்துவிட்டு எவனாவது மைக்கைத் திறந்தால், இந்த முறை நான் பேசுவேன்.