ராத்திரி 9 மணிக்கு எவ்வளவு வருது?

போன வாரம் செவ்வாக்கிழமை காலைல எங்க தெருவுல பாதிப் பேரு ஃபோனுக்கு நெட் கம்பெனிகிட்டேர்ந்து ஒரே மெசேஜ். உங்க நெட் ஸ்பீட 100 எம்பிபிஎஸ்லேர்ந்து 200 ஆக்கியாச்சு, கூடுதலா காசு எதுவும் இல்ல, ரவுட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு. பால் வாங்கப் போன எடத்துல இதான் பேச்சு. சாயங்காலத்துக்குள்ள ஆளாளுக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டு ஃபோன நீட்ட ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு 187 எனக்கு 192ன்னு சில பேருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு 94க்கு மேல ஏறவே இல்ல நம்மள ஏமாத்துறாங்கன்னு சில பேருக்குக் கோவம்.

எங்க வீடு திருச்சி உறையூர் பக்கம். நான் 2003லேர்ந்து 2011 வரைக்கும் பிரவுசிங் சென்டர் நடத்துனவன், அதனால யாரு வீட்டுல நெட் மக்கர் பண்ணாலும் மொதல்ல என்னத்தான் கூப்புடுவாங்க, இந்த ஒரு வாரத்துல பதினஞ்சு வீட்டுக்காவது போய்ப் பாத்துட்டேன். பாத்ததுல மனசுல பட்டத எழுதியே ஆகணும்னு உக்காந்திருக்கேன். நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த 94. மூணாவது வீட்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்காரு, அவரு பேப்பர்ல நேரம் போட்டு நம்பர் எழுதி வச்சிருந்தாரு, 94.1, 93.8, 94.3, 94.0. பாத்த உடனே எனக்குப் புரிஞ்சுருச்சு, நெட்டு நெசமாவே மெதுவா இருந்தா நம்பர் ஏறும் எறங்கும், இப்படி 94ல ஆணி அடிச்ச மாதிரி நிக்காது. நிக்குதுன்னா நடுவுல எங்கயோ 100 எம்பிபிஎஸ் கதவு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம், அதுல உள்வேலைக்குப் போற பங்கு போக கைக்கு வர்றது 94தான். ஃபைபர் பாக்ஸ்லேர்ந்து ரவுட்டருக்குப் போற ஒயர புடுங்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். உள்ள எட்டு கம்பி இருக்கணும், நாலு ஜோடி. அதுல ஆரஞ்சு ஜோடியும் பச்ச ஜோடியும் மட்டும் பின்னுக்குள்ள போயிருக்கு, நீலமும் பிரவுனும் வெட்டி பின்னாடி மடிச்சு டேப் சுத்தியிருக்கு. 100க்கு ரெண்டு ஜோடி போதும், அதுக்கு மேல போகணும்னா நாலும் வேணும். கனெக்ஷன் குடுத்தப்ப 40 எம்பிபிஎஸ் பிளான்தானே, எதுக்கு எட்டையும் கோக்கணும்னு அன்னைக்கு வந்த பையன் விட்டுருக்கான், அவனச் சொல்லியும் குத்தமில்ல. நானே வேற பின் போட்டு எட்டையும் கிரிம்ப் பண்ணிக் குடுத்தேன், 189 வந்துச்சு. வாத்தியாரு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ஆனா எல்லா வீட்டுலயும் ஒயர மாத்துனா வேல முடியல. ஆறு வீட்டுல ரவுட்டரே பழசு, அதுல ஒயர் சொருகுற போர்ட்டே 100தான், வைஃபையும் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணு மட்டும்தான். அந்த வீடுகளுக்கு 200 குடுத்தாலும் 500 குடுத்தாலும் ஒரே கதைதான். கம்பெனிக்கு எந்த வீட்டுல எந்த பாக்ஸ் வச்சிருக்கோம்னு நல்லாவே தெரியும், அவங்க குடுத்த பாக்ஸ்தானே. மெசேஜ் அனுப்புறப்ப அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? (இன்னொண்ணு, வைஃபை பேருக்குப் பின்னாடி 5ஜின்னு வந்தா அது மொபைல் 5ஜி கெடையாது, அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பக்கத்துல ஸ்பீடு அதிகம், ரெண்டு செவரு தாண்டுனா படுத்துரும். இத ஒரு இருவது தடவையாவது சொல்லியிருப்பேன் இந்த வாரம்.)

எதுத்த வீட்டுப் பாட்டி கதைதான் என்னைய ரொம்ப யோசிக்க வச்சுது. பையன் சிங்கப்பூர்ல, டெய்லி ராத்திரி வீடியோ கால் வரும், மூஞ்சி உறைஞ்சு போய் நிக்கும், பாட்டி ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டே இருக்கும். 200 வந்துருச்சாம்ல தம்பி இனிமே நல்லா தெரியுமான்னு அவ்வளவு ஆசையா கேட்டுச்சு. போய்ப் பாத்தா ரவுட்டர் உள் ரூம்ல ஸ்டீல் பீரோவுக்கும் செவருக்கும் நடுவுல சொருகியிருக்கு, தூசி படியாம இருக்க மேல ஒரு துணி வேற. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம், பாட்டிக்கு 100 இருந்தப்பவே தேவைக்கு மேல பல மடங்கு இருந்துச்சு, ஆனா பீரோவத் தாண்டி ஹாலுக்கு வரல. நீளமா ஒரு ஒயரு இழுத்து ஹால் ஜன்னல் மேல ரவுட்டர மாட்டுனேன், அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி பேரன் பல்லு விழுந்தத காமிச்சான், பாட்டி என்னையும் கூப்ட்டு காமிச்சுது. கனெக்ஷன் குடுத்த அன்னைக்கே அந்த ரவுட்டர ஹால்ல மாட்டியிருந்தா இந்த ரெண்டு வருஷமும் பாட்டி நிம்மதியா பேசியிருக்கும், இதத்தான் நான் சர்வீஸ்னு சொல்லுவேன்.

கீழ் வீட்டுல ஒரு தம்பி கல்யாண வீடியோ எடிட் பண்றான். அவன் மெசேஜ் வந்த அன்னைக்கே என்கிட்ட வந்து, அண்ணே டவுன்லோடு 200 ஆயிருச்சு, நாம அனுப்புற அப்லோடு அதே 20தான் இருக்கு, எனக்கு என்ன பிரயோஜனம்னான். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி ஃபைல் அனுப்பணும்னா 20ல ஆறு மணி நேரம் நாப்பது நிமிஷம். அப்லோடும் 100ஆ இருந்தா ஒண்ணே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சோறு போடுறது அந்தப் பையனுக்கு அப்லோடுதான். நம்ம வீட்டுலயும் அப்படித்தான், ஆன்லைன் கிளாஸ்ல பிள்ளை பேசுறது அப்லோடு, சிசிடிவி போறது அப்லோடு, ஃபோட்டோ பேக்கப் ஆகுறது அப்லோடு. ஃபைபர்ல ரெண்டு பக்கமும் சமமா குடுக்க முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 2020 செப்டம்பர்ல ஜியோ 399 ரூவா பிளான் விட்டப்ப டவுன்லோடு 30 அப்லோடு 30ன்னுதான் குடுத்தாங்க. முடியும், மனசு வைக்கணும்.

அந்தத் தம்பியோட சின்னவன் கேம் ஆடுறவன், பத்தாவது படிக்கிறான். அங்கிள், பிங்கு அப்படியேதான் இருக்குன்னான். தெருவுலயே சரியான எடத்துல கை வச்சது அவன்தான். ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகுற நேரம்தான் பிங்கு, அதுக்கும் 200க்கும் சம்பந்தமே இல்ல. சாயங்காலம் ஆனா பிங்கு எகிறுதுன்னும் சொன்னான் பாருங்க, அங்கதான் எனக்கு என் பழைய கடை ஞாபகம் வந்துச்சு.

2005ல டயலப்லேர்ந்து பிராட்பேண்டுக்கு மாறுனேன், 256 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ல கால்வாசி, அப்ப அரசாங்கக் கணக்குப்படியே பிராட்பேண்டுன்னா அவ்வளவுதான். எட்டு சிஸ்டம். சாதாரண நாள்ல மூணு பேரு நாலு பேரு இருப்பாங்க, நெட்டு பறக்குதுண்ணேன்னு சொல்லுவாங்க. பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு எட்டு சிஸ்டமும் ஃபுல்லு, வாசல்ல வேற கூட்டம், ஒரு பேஜ் தெறக்க பத்து நிமிஷம், அழுகையும் திட்டும். லைன் அதே 256தான், ஆனா எட்டா பிரிஞ்சுருச்சு. நெட்டுங்கறது பங்கு போடுற பொருள், அத அன்னைக்கு வாசல்ல நின்ன புள்ளைங்க மொகத்தப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்.

இப்பவும் அதான். தெருவுக்கு வர்ற ஒரு ஃபைபர் லைன் மொத்தமா கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2500 எம்பிபிஎஸ் தாங்கும், அத 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பாங்க. 32 வீட்டுக்கு 200ன்னா 6.4 ஜிபிபிஎஸ் ஆகுது. எல்லாரும் ஒரே நொடில முழுசா இழுக்க மாட்டாங்கங்கற கணக்குலதான் இது ஓடுது, அது தப்பும் இல்ல, ஊரு உலகம் பூரா அப்படித்தான் நடக்குது. 2009லயே டெலிகாம் கம்பெனிகள மேற்பார்வை பாக்குற ட்ராய், வீட்டு கனெக்ஷனுக்கு 50க்கு 1, அதாவது ஒருத்தர் அளவு வேகத்த 50 பேருக்கு மேல பங்கு போடக்கூடாதுன்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு. பிரச்சனை எங்கன்னா, வீட்டுக்கு வர்ற குழாய பெருசாக்கிட்டு கம்பெனி ஆபீஸுக்கு வர்ற மெயின் குழாய அப்படியே விட்டா என்ன ஆகும்? காலைல பக்கெட்டு சீக்கிரம் ரொம்பும், எல்லாரும் தொறக்குற நேரத்துல காத்துதான் வரும்.

அதனால ஒரு வாரம் தெனமும் மூணு தடவ டெஸ்ட் எடுத்தேன், ஒயர லேப்டாப்ல நேரா சொருகி. காலைல 7 மணிக்கு 190க்குக் கொறையல. மத்தியானம் 180 சொச்சம். ராத்திரி 9 மணிக்கு 70, 64, 58, ஞாயித்துக்கிழம ராத்திரி 41. அப்கிரேடுக்கு முன்னாடி ராத்திரில எனக்கு 75, 80 வந்துக்கிட்டு இருந்துச்சுங்க! ஸ்பீட ஏத்துன பிறகு நமக்கு வேணுங்கற நேரத்துல கொறஞ்சிருக்கு. அதுவும் ஸ்பீட் டெஸ்ட் ஆப்பு பெரும்பாலும் பக்கத்துல இருக்குற சர்வரத்தான் எடுக்கும், சில நேரம் அந்த சர்வர் கம்பெனியோட சொந்த நெட்வொர்க்லயே இருக்கும், வெளிய போய்ட்டு வர்ற வேகம் அதுல தெரியாது. லைன் பாக்குற பையன்கிட்ட தனியா கேட்டேன். அண்ணே மேலேர்ந்து வர்ற லைன் பழசேதான், கனெக்ஷன் மட்டும் கூடியிருக்குன்னு உள்ளதச் சொல்லிட்டான்.

அந்தப் பையனப் பத்தியும் சொல்லணும். போன ஐப்பசி மழைல, பாதாள சாக்கடைக்குத் தோண்டுனவங்க ஜேசிபில ஃபைபர அறுத்துட்டாங்க, மூணு நாளு தெருவுக்கே நெட் இல்ல. மூணாவது நாள் ராத்திரி பத்தரைக்கு வந்தான், நான் கொடை புடிக்கிறேன், இன்னொருத்தர் டார்ச் அடிக்கிறாரு, அவன் சேத்துல மண்டி போட்டு முடி மாதிரி இருக்குற கண்ணாடி இழைய உரிச்சு, ஸ்பிரிட்டு தொட்டுத் தொடச்சு, வெட்டி, மெஷின்ல வைக்கிறான். சின்ன ஸ்கிரீன்ல ரெண்டு முனையும் எதுர எதுர வந்து நிக்குது, ஒரு பொறி, ரெண்டும் ஒண்ணாயிருச்சு. இப்படி ஒவ்வொண்ணா பன்னெண்டு இழை. கை நடுங்காம செஞ்சான். முடிச்சப்ப மணி ஒண்ணு. ஏன்டா மூணு நாளுன்னு கேட்டா, மொத்த ஏரியாவுக்கும் இப்படி இழைய ஒட்ட, அதான் ஸ்ப்ளைஸ் பண்ணத் தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான்ணே, மெஷினு ஒண்ணுதான்னான். எனக்கு 100 போதும், அந்த 200க்கு ஆகுற காசுல இன்னும் ரெண்டு ஆளும் ஒரு மெஷினும் போடுங்கன்னுதான் நான் கம்பெனிக்குச் சொல்லுவேன்.

காசு விஷயத்துக்கு வர்றேன். கூடுதலா எதுவும் இல்லன்னு மெசேஜ்ல இருந்துச்சுல்ல, கஸ்டமர் கேர்ல கூப்ட்டுக் கேட்டேன். மூணு மாசத்துக்குத்தான் சார், அதுக்கப்புறம் 700 ரூவா பிளான் கெடையாது, 850 பிளானுக்கு மாறிரும்னாங்க. ஜிஎஸ்டியோட சேத்தா 826 கட்டிக்கிட்டு இருந்த எடத்துல 1003. நான் மாறல, பழையதே போதும்னா முடியுமான்னு கேட்டேன், சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லையாம். பாட்டிக்கு இது யாரு சொன்னா? ஒரு வார்த்த சம்மதம் கேக்காம மாத்திட்டு இலவசம்னு பேரு வைக்கிறது எனக்கு ஏத்துக்கவே முடியல.

ஸ்பீடு ஏத்துறதே வேணாம்னு நான் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. 2020 மார்ச்ல கொரோனா சமயத்துல ஆக்ட்ங்கற நெட் கம்பெனி அந்த மாசக் கடைசி வரைக்கும் 300 எம்பிபிஎஸ்ஸா இலவசமா ஏத்துனாங்க, வீட்டுக்குள்ளயே ஆபீஸ் நடத்துன எத்தன பேருக்கு அது ஒத்தாசையா இருந்திருக்கும். ஏத்துறவங்க எல்லா நேரத்துக்கும் ஏத்துங்க, அதான் கேக்குறேன். நம்ம சட்டத்துல பிராட்பேண்டுங்கற பேருக்கே 2023 ஜனவரிலதான் கொறஞ்சது 2 எம்பிபிஎஸ்னு ஆச்சு, அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ். அப்ப ராத்திரி 41 வந்தாலும் அது பிராட்பேண்டுதான்னு அவங்க சொல்லிறலாம். நாம கேட்டாத்தான் மாறும். வெளம்பரத்துல 200ன்னு பெருசா போடுற எடத்துலயே ராத்திரி 9 மணிக்கு எவ்வளவு, அப்லோடு எவ்வளவு, கட்டானா எத்தன மணி நேரத்துல சரி பண்ணுவீங்க, மூணு மாசம் கழிச்சு என்ன வெலை, இந்த நாலையும் போடச் சொல்லணும்.

நானும் வாத்தியாரும் இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்து வர்ற சனிக்கிழம ஆபீஸுக்குப் போறோம். கம்ப்ளைண்ட் ஏற்கனவே போட்டு நம்பர் வாங்கியாச்சு, சரியான பதில் வரலன்னா அந்தக் கம்பெனியோட அப்பீல் பிரிவுல போடுவோம், அதுக்கும் அசையலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுதான். டெலிகாம் சர்வீஸ் மேலயும் அங்க கேஸ் போடலாம்னு 2022 பிப்ரவரிலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு ஃபோன் பண்ணியும் புகார் குடுக்கலாம். உறையூர் ஆளுங்க யாருக்காவது இதே மெசேஜ் வந்திருந்தா, இன்னைலேர்ந்து வெள்ளிக்கிழம வரைக்கும் காலைல 7க்கும் ராத்திரி 9க்கும் டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்புங்க. வைஃபைல வேணாம், ஒயர்ல எடுங்க. நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் இருக்கட்டும், அப்லோடு நம்பரையும் சேத்து.