தட்டணு வீணாவதற்குக் காரணம் குளிர்சாதனப் பெட்டி மட்டுமல்ல
ரத்த வங்கிகளில் ரத்தக் கூறுகள் வீணாவதற்குக் குளிர்சாதன வசதிக் குறைவே காரணம் என்கிறது இந்தக் கட்டுரை. சிவப்பணுவுக்குச் சரி, அதற்கு 2 முதல் 6 டிகிரி வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுவை (பிளேட்லெட்) வழக்கமாக ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்தாலும் ஆயுள் 5 நாள்தான். பரிசோதனைக்கே ஒரு நாள் போய்விடும். சென்னையில் ரத்த தான முகாம்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் தேசியத் தன்னார்வ ரத்த தான தினமான அக்டோபர் 1-லும் குவித்தால், டெங்கு வார்டு கேட்கும்போது அவை காலாவதியாகியிருக்கும். முகாம்களை வார நாட்களுக்கும் பிரித்துப் போடுங்கள். இன்னொன்று, ஒரு வாசகர் கருத்தில் சொன்ன 'அறுவைக்கு முன்பதிவு', அதாவது அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளியின் பெயரில் ரத்தப் பைகளை ஒதுக்கிவைப்பது. பல நேரம் நான்கு பை ஒதுக்கி ஒன்றைத்தான் ஏற்றுகிறார்கள். மற்றவை அடுத்த நோயாளிக்குப் போகாமல் முடங்குகின்றன. ரத்தம் தேவைப்பட வாய்ப்பு குறைந்த அறுவைகளுக்கு நோயாளியின் ரத்த வகையும், பிறர் ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்பதும் பார்த்து வைத்தாலே போதும், குறிப்பிட்ட பையோடு பொருத்தம் பார்ப்பதைத் தேவைப்படும்போது செய்யலாம். தியேட்டருக்கு அனுப்பிய சிவப்பணுப் பை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் திரும்ப இருப்பில் சேர்க்கவே முடியாது; அதனால் ஒவ்வொரு பையாக வாங்குவதே நல்லது.