ஃபிஜி 2013: ஒதுக்கீடு வந்ததா, போனதா?
ஃபிஜியின் 2013 அரசியலமைப்பு இந்திய வம்சாவளியினருக்குத் தனித் தொகுதிகள் ஒதுக்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறானது. ஒதுக்கீடு இருந்தது 1997 அரசியலமைப்பில்தான்: நாடாளுமன்றக் கீழவையில் மொத்தம் 71 இடங்கள், அவற்றில் 46 இனவாரியானவை, இந்திய வம்சாவளியினருக்கு 19. 2013இல் அந்த இனவாரிப் பட்டியலையே தூக்கி எறிந்துவிட்டார்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதி, விகிதாசார முறை (வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்கள்), 5 சதவீத வாக்கு வரம்பு (அதற்குக் கீழே பெற்றால் இடமே இல்லை). வாக்களிக்கும் வயதும் 21இலிருந்து 18 ஆனது.

குடியுரிமை பற்றி அவர் சொன்னதும் பாதிதான் சரி. ஃபிஜிக் குடியுரிமையோடு வேறு நாட்டுக் குடியுரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார், உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நிற்க முடியாது.