பவர் சப்ளையில் மட்டும் ஏன் இந்தச் சிக்கனம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் என் அண்ணன் மகனுக்காகக் குறைந்த செலவில் ஒரு கேமிங் கணினியை வீட்டிலேயே பொருத்த உதிரிபாகங்கள் தேடிய எனக்கு, கிராபிக்ஸ் கார்டின் பெருமையை விரிவாகப் பேசும் கடைக்காரர்கள், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையை மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்காகத் தலையில் கட்டுவது தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. மேலே 600 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். பக்கவாட்டு அட்டவணையைப் படித்தால் 12 வோல்ட் தடத்தில், அதாவது 12 வோல்ட் மின்சாரம் வெளிவரும் இணைப்பில், 30 ஆம்பியர்தான்; இரண்டையும் பெருக்கினால் வெறும் 360 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்தத் தடத்தைத்தான் நம்பியிருக்கின்றன என்பதை எவரும் சொல்வதில்லை. லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல், மின்சாரம் திரும்பிய நொடியில் அப்படிப்பட்ட ஒன்று வெடித்து, பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டையும் சேர்த்து எரித்தது. சிக்கனம் வேண்டுமென்றால் ராம் (RAM) என்ற நினைவகத்தைக் குறைவாக வாங்கிப் பிறகுகூடக் கூட்டிக்கொள்ளலாம். எரிந்த மதர்போர்டை, அந்தப் பவர் சப்ளையை விற்ற கடை மாற்றித் தரவேயில்லை.