தின்றும் இறங்குகிற எடை

காலையில் முட்டை, மதியம் தட்டு நிறையச் சோறும் சீலா மீன் குழம்பும், ராத்திரி திரும்பவும் மீன், இவ்வளவும் தின்று விடாமல் பளு தூக்கியும் எடை ஏறாமல் இறங்கினால் வயிறு எரியாதா? ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம் தகரக் கூரை ஜிம், சாயங்காலமும் அனல், முதல் செட் முடிவதற்குள் பனியன் உடம்போடு ஒட்டிவிடும், கம்பியில் உப்புக் காற்றுத் துரு உள்ளங்கையெல்லாம் அப்பும். தெருவில் பார்க்கிறவர்கள் "என்னப்பா, சுகரா?" என்கிறார்கள். சுகரும் தைராய்டும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை.

சரி, மாஸ்டரிடம் கேட்டால் ஒரே பதில்: புரோட்டீன் டப்பா வாங்கு. அட, ஒரு கரண்டி பவுடரில் 120 கலோரி வந்தால் பெரிது! ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருந்தும் கலோரி 70 சொச்சம்தான். மொத்தக் கலோரி பத்தாவிட்டால் தின்ற புரதத்தையும் உடம்பு எரித்துத்தான் தீர்க்கும். 100 கிராம் நிலக்கடலையில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? அப்புறம் இந்த வெக்கை, பாதிச் சோற்றிலேயே பசியைக் கொன்றுவிடுகிறது, மீதியைத் தண்ணீர் விட்டு முழுங்க வேண்டியிருக்கிறது.