தகுதி பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்கிறார்கள். அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது?

கலைக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளைகளிடம் "ஏன் வருடா வருடம் அதே நாலைந்து பெரிய நிறுவனங்களுக்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நாங்கள் ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை, தகுதி பார்த்துத்தான் கொடுக்கிறோம்." சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நானும் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இதே பதிலைச் சொன்னவன்தான், மனதார நம்பிச் சொன்னேன். ஆனால் சில வருடங்களாக இந்தத் 'தகுதி' என்ற சொல் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பொம்மலாட்டக் குழு. மொத்தம் நான்கு பேர். நடத்துகிறவர் அறுபதைத் தாண்டியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு அறக்கட்டளையின் நிதிக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டார். கடைசித் தேதிக்கு முந்தின இரவு, அவர் வீட்டுத் தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுவர் முழுக்கப் பொம்மைகள். ஒரு பொம்மைக்கு மட்டும் கயிறு அறுந்து வலது கை துவண்டு கிடந்தது. முதலில் கேட்டிருந்தது கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. அவரிடம் இருந்தது ஒரு நீள நோட்டு, அதில் வரவும் செலவும் அவர் கையெழுத்தில் ஒரு நாள் விடாமல் இருந்தது, ஆனால் ஆடிட்டர் முத்திரை இல்லை. அடுத்து, சென்ற ஆண்டு உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், வயது வாரியாகவும் பாலின வாரியாகவும் தரவும். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நான் திரைக்குப் பின்னால நிக்கிறவன். சிரிக்கிற சத்தம் கேக்கும், பயந்து அழற குழந்தை சத்தம் கேக்கும். எத்தனை தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

படிவத்தின் அந்தக் கட்டத்தில் நான் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்குப் பட்டது. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் "உங்கள் பணி சமூகத்தில் எவ்வாறு மாற்றத்தை உண்டாக்குகிறது, படிப்படியாக விளக்கவும்" என்று ஒரு கேள்வி. அவர் சொன்ன பதில்: "பொம்மை அசையணும். பாக்கிறவன் அது பொம்மைன்னு மறக்கணும்." அதை அப்படியே எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. அறக்கட்டளைகளுக்குப் பிடித்த மொழியில் மூன்று பத்தி அடித்து நிரப்பினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், "நிறுவனக் கட்டமைப்பு போதுமானதாக இல்லை."

நிறுவனக் கட்டமைப்பு என்றால் என்ன? கணக்கு எழுத ஒருவர், ஆடிட்டருக்குக் கட்டணம், நிகழ்ச்சியை நன்றாகப் படம் பிடித்து வைக்க ஒருவர், பார்வையாளரை எண்ணி அட்டவணை போட ஒருவர், இதையெல்லாம் நல்ல மொழியில் எழுதித் தர ஒருவர். இதில் எது காசில்லாமல் வரும்? பெரிய நிறுவனங்களில் நிதி திரட்டுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, முழுநேரச் சம்பளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி அனுப்பும் விண்ணப்பமும் அண்ணன் தரையில் உட்கார்ந்து நிரப்பிய விண்ணப்பமும் ஒரே மேசைக்கு வருகின்றன, ஒரே மதிப்பெண் தாளில் மதிப்பிடப்படுகின்றன, அதை நாம் பாரபட்சமின்மை என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். காகிதத்தில் நாம் அளக்கிற தகுதியில் பெரும்பங்கு, அந்த நிறுவனத்துக்கு முன்னமே கிடைத்த பணத்தின் தடயம். பணம் வாங்கியவருக்குத் தகுதி வருகிறது, தகுதி வந்தவருக்கு மறுபடி பணம் வருகிறது. வெளியே நிற்கிறவர் வெளியேதான் நிற்கிறார்.

இது என் மனக்குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் கணக்கு ஓரளவு தெளிவாக இருக்கும் நாடு அமெரிக்கா. ஹெலிகான் கொலாபரேட்டிவ் என்ற ஆய்வு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே கலை நிறுவனங்களுக்கு வரும் கொடைப் பணத்தில் 58 சதவீதம் மிகப் பெரிய 2 சதவீத நிறுவனங்களுக்குப் போகிறது. மீதி 98 சதவீதம் பேர் மீதிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2011-இல் வந்த அறிக்கையில் அந்த எண் 55. இடையில் இருந்த ஆறு வருடங்களில்தான் சமத்துவம், பன்முகம் என்று அத்தனை கருத்தரங்குகளும் நடந்தன, அத்தனை அறக்கட்டளைகளும் தங்கள் கொள்கை அறிக்கையைத் திருத்தி எழுதின. பேச்சு கூடியது, பெரியவர்களின் பங்கும் கூடியது. அதே 2017 அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது: மக்கள்தொகையில் 37 சதவீதமாக இருக்கும் வெள்ளையரல்லாத சமூகங்களுக்காகவே இயங்கும் கலை அமைப்புகளுக்கு, அறக்கட்டளைகளின் கலை நிதியில் கிடைத்தது 4 சதவீதம். இந்த 4-ஐ முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழையோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

பெரிய நிறுவனங்கள் பெரிதாக இருப்பது தற்செயல் கிடையாது. 1966-இல் ஃபோர்டு அறக்கட்டளை அமெரிக்காவின் 61 சிம்பொனி இசைக்குழுக்களுக்கு மொத்தம் சுமார் 8 கோடி டாலர் கொடுத்தது. அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அதில் பெரும்பகுதி நிரந்தர வைப்பு நிதிக்கானது, முதலைத் தொடாமல் வருமானத்தில் குழுவை நடத்தலாம். அந்த இசைக்குழுக்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களுக்குக் கிடைத்தது சரியான வகைப் பணம். என் கேள்வி, அதே வகைப் பணம் மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான்.

டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற நியூயார்க் பாலே குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் மிட்செல், நியூயார்க் சிட்டி பாலேயில் முதன்மை நடனக் கலைஞராக உயர்ந்த முதல் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுவருடம், 1969-இல், காரெல் ஷூக்குடன் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார். உலகம் முழுக்கப் போய் ஆடிய குழு, திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது. 2004-இல் கடன் தாங்க முடியாமல் நிகழ்ச்சிக் குழுவையே நிறுத்த வேண்டி வந்தது. பள்ளி மட்டும் நடந்தது. மறுபடி மேடை ஏறியது 2012-இல். எட்டு வருடம்! 2004-இல் இருபத்திரண்டு வயதில் இருந்த ஒரு பாலே கலைஞருக்கு 2012-இல் முப்பது. உடம்பையே கருவியாக வைத்து ஆடுகிறவருக்கு அந்த எட்டு வருடத்தை எந்த நிதி திருப்பிக் கொடுக்கும்? 2020-இல் அதே ஃபோர்டு அறக்கட்டளை மற்ற கொடையாளர்களையும் சேர்த்துக்கொண்டு, கறுப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடிக் கலை நிறுவனங்களுக்காக 15.6 கோடி டாலர் தொடக்க நிதியோடு ஒரு திட்டம் அறிவித்தது. அதில் பயன்பெற்றவர்கள் பட்டியலில் இந்தக் குழுவும் இருக்கிறது. நல்லது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 1966-க்கும் 2020-க்கும் நடுவில் ஐம்பத்து நான்கு வருடம் இருக்கிறது.

எதற்குக் கொடுக்கிறோம் என்பதிலும் இதே கோணல்தான். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் உள்ள பெரிய இசை அரங்குக்கு 1973-இல் ஏவரி ஃபிஷர் 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தார், அரங்குக்கு அவர் பெயர் வந்தது. 2015-இல் டேவிட் கெஃபன் 10 கோடி டாலர் கொடுத்தார், இப்போது அவர் பெயர். பழைய பெயரை எடுப்பதற்குச் சம்மதிக்க ஃபிஷர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. ஒரு பெயர்ப் பலகையைக் கழற்ற ஒன்றரைக் கோடி டாலர்! அந்தத் தொகையில் எத்தனை சிறு குழுக்கள் எத்தனை வருடம் ஒத்திகை பார்த்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒத்திகை அறையின் வாடகை மேல் யாரும் பெயர் பொறிக்க முடியாது, கணக்கு எழுதுகிறவரின் சம்பளத்துக்குத் திறப்பு விழா வைக்க முடியாது. அதனால் அவற்றுக்குப் பணம் வருவதில்லை. "திட்டத்துக்கு மட்டும் தருவோம், நிர்வாகச் செலவு கூடாது" என்பார்கள். நிர்வாகத்துக்குப் பணம் தராமல் வைத்திருந்துவிட்டு, அடுத்த வருடம் நிர்வாகம் பலவீனம் என்று மதிப்பெண் குறைப்பார்கள். 2009-இலேயே ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை இதைப் பட்டினிச் சுழல் என்று பெயர் வைத்து எழுதியது. பெயர் எல்லோருக்கும் தெரியும், சுழல் நிற்கவில்லை.

இன்னொரு கொடுமை, முதலில் செலவு செய், பில் கொடு, அப்புறம் தருகிறோம் என்கிற முறை. எனக்குத் தெரிந்த ஒரு நாடகக் குழுவுக்கு இப்படி ஒரு நிதி கிடைத்தது. அரங்கு வாடகை, ஒளியமைப்பு, நடிகர்களின் பயணம் எல்லாவற்றுக்கும் இயக்குநர் வட்டிக்கு வாங்கினார். பணம் வந்தது நிகழ்ச்சி முடிந்து ஏழாவது மாதம். வட்டியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை, அது அனுமதிக்கப்பட்ட செலவு இல்லையாம். ஏழு மாதம் அறக்கட்டளைக்கு அவர்தான் கடன் கொடுத்திருக்கிறார், அதுவும் தன் கைவட்டி போட்டு. "நீங்கள் பாதி திரட்டுங்கள், நாங்கள் பாதி தருகிறோம்" என்பதும் இதே ரகம்தான். பணக்காரர்களைத் தெரிந்தவரால்தான் அந்தப் பாதியைத் திரட்ட முடியும்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2021 ஜூனில் 286 அமைப்புகளுக்கு 274 கோடி டாலர் கொடுத்ததாக அறிவித்தார், அதில் கலை அமைப்புகள் நிறைய. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரு தனிமனிதர் கையில் இவ்வளவு முடிவுகள் இருப்பது சரியா என்பது வேறு கேள்வி, எனக்கும் அதில் தயக்கம் உண்டு. ஆனால் கொடுத்த விதம் சரி. அதைவிட எனக்குப் பிடித்தது நியூயார்க் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய கிரியேட்டிவ்ஸ் ரீபில்ட் நியூயார்க் என்ற திட்டம். மெல்லன் அறக்கட்டளையின் பணம்தான் அதில் பெரும்பகுதி. 2,400 கலைஞர்களுக்கு மாதம் 1,000 டாலர், 18 மாதம், எந்த நிபந்தனையும் இல்லாமல். கலைத் தரத்தை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தவில்லை, பணத் தேவை உள்ளவர்களில் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அயர்லாந்து அரசும் அதே வருடம் 2,000 கலைஞர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கியது. அது அரசுப் பணம், கொடை இல்லை. ஆனாலும் முறையைப் பாருங்கள்.

குலுக்கல் என்றதும் தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. கலையைச் சீட்டுப் போட்டா முடிவு செய்வது என்கிறார்கள். இருபது விண்ணப்பங்களும் நன்றாக இருக்கும்போது, மதியத்துக்கு மேல் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் 71-க்கும் 72-க்கும் நடுவில் கோடு போடுகிறோமே, அதைவிடச் சீட்டு நேர்மையானது. நான் கோடு போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு தடவை ஒரு குழுவின் பட்ஜெட் தாளில் கூட்டல் தப்பாக இருந்தது என்பதற்காக மதிப்பெண் குறைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கணக்குக் கேட்கவே கூடாதா, ஏமாற்றிவிட மாட்டார்களா என்று கேட்பார்கள். கேட்கலாம். தொகைக்குத் தக்க கேளுங்கள். சிறு தொகைக்கு நாற்பது பக்க அறிக்கை வேண்டாம், அரைமணி நேரம் போனில் பேசுங்கள், ஒரு ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். அப்புறம், கணக்குக் கேட்கும் உரிமை ஒரு பக்கம் மட்டும் கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் வாயை அடைக்கப் பார்ப்பவர்கள், கொடைக்கு வரிச்சலுகை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1917-இலிருந்து இருக்கிறது, வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. கொடையாளர் கட்டாமல் விட்ட வரி பொதுமக்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம். அதனால் யாருக்குக் கொடுத்தீர்கள், யாரை விட்டீர்கள், முடிவு எடுக்கும் மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த மேசைக்கு ஒரே ஒரு கலைஞரை உப்புக்குச் சப்பாணியாக, சம்பளமும் இல்லாமல் அழைத்து உட்கார வைப்பதைப் பங்கேற்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பாதிப் பேராவது அவர்களாக இருக்கட்டும், செலவழிக்கிற நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

சங்க காலத்தில் ஒரு புலவர் வள்ளல் ஒருவனைத் தேடிப் போகிறார். அவன் அவரைப் பார்க்காமல் உள்ளே இருந்தபடியே பரிசை மட்டும் கொடுத்து அனுப்புகிறான். அவர் வாங்கவில்லை. என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை, அதாவது பரிசை வியாபாரமாக வாங்கிப் போகிறவன் இல்லை, என் தகுதியின் அளவை அறிந்து தினையளவு கொடுத்தாலும் அது இனிது என்கிறார். வறுமையில் இருந்தவர் சொன்னது இது. அவர் கேட்ட தகுதி நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தகுதி. நாம் நேரில் பார்ப்பதை விட்டுவிட்டு 500 எழுத்துக் கட்டத்தில் தகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு ஒருவர் அண்ணனுக்கு உதவினார், எந்தப் படிவமும் இல்லாமல். பெரிய தொகை கிடையாது. அந்தப் பணத்தில் அண்ணன் உதவியாளருக்கு நாலு மாதச் சம்பள பாக்கியைக் கொடுத்தார், பொம்மைகளுக்குக் கயிறு மாற்றினார், மிச்சத்தில் ஆடிட்டருக்குக் கட்டணம் கட்டினார். இந்த வருடம் அவர் கணக்கில் முத்திரை இருக்கிறது.

அடுத்த மாதம் நான் மறுபடி ஒரு தேர்வுக் குழுவில் இருக்கிறேன். மதிப்பெண் போடுவதற்கு முன் விண்ணப்பித்த சிறு குழுக்கள் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அதற்கு இந்த ஆண்டு நிதி ஒதுக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. பதினொரு குழுக்கள். என் செலவில் கிளம்புகிறேன், குழுவில் இருக்கும் மற்ற நால்வரையும் கூப்பிட்டிருக்கிறேன். இதுவரை ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.