நிக்சன் மட்டும்தான் ஒட்டுக்கேட்டாரா?

மேலே ஒருவர் "வெள்ளை மாளிகையில் ரகசியமாக ஒலிப்பதிவு செய்த ஒரே அதிபர் நிக்சன், அதையும் அவரே அழித்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

ரூஸ்வெல்ட் 1940-லேயே தன் அலுவலகத்தில் கொஞ்ச நாள் பதிவு செய்து பார்த்தார். கென்னடி 1962-இல் கருவி வைத்தார், கியூபா ஏவுகணை நெருக்கடிக் (சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணை வைத்ததால் வந்த போர் அபாயம்) கூட்டங்களை இன்று நாம் அப்படியே கேட்க முடிவது அதனால்தான். ஜான்சன் கதை இன்னும் சுவாரசியம்: தொலைபேசி உரையாடல்களை நூற்றுக்கணக்கான மணி நேரம் பதிவு செய்துவிட்டு, தான் இறந்து 50 வருடம் ஆகும்வரை திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார், 1973-இல் இறந்தார், ஆனால் அவருடைய ஆவணங்களை வைத்திருக்கும் ஆஸ்டின் நூலகம் 1990-களிலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது (நல்லவேளை!).

நிக்சன் வித்தியாசப்படுவது அளவில். 1971 பிப்ரவரியிலிருந்து 1973 ஜூலை வரை, பேச்சுச் சத்தம் கேட்டாலே தானாக ஓடும் கருவி, மொத்தம் சுமார் 3,700 மணி நேரம். அழிந்தது என்று எல்லோரும் சொல்லும் பகுதி 1972 ஜூன் 20 உரையாடலில் பதினெட்டரை நிமிடம். அதை யார் அழித்தார்கள் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. மீதியை அவர் கையில் விடாமல் 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டமே போட்டது.

அப்புறம், "வாய்மொழி வரலாறு இருக்கே, ஒலிநாடா எதற்கு" என்ற பதிலும் சரியில்லை. வாய்மொழிப் பேட்டி என்பது பின்னால் நினைவிலிருந்து சொல்வது. அதுவும் உடனே கிடைத்துவிடும் என்றில்லை: கென்னடியின் மனைவி ஜாக்குலின் 1964-இல் கொடுத்த பேட்டி 2011-இல்தான் வெளியானது.